புள்ளிக்குப் பின்னால் மழைத்தண்ணீர்

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஜூன் மாத மழையில், லிந்துலைக்கு மேலே பஸ் போகாத ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில் இருக்கும் என் அக்காவின் லயத்துக் காம்பராவுக்குத் திரும்பி வந்திருந்தேன். அப்போது எனக்கு இருபத்தெட்டு வயது முடிந்திருந்தது.

பதினோராம் ஆண்டு முடிவில் எழுதும் சாதாரண தரப் பரீட்சையில் கணிதம் தவறியதோடு என் பள்ளிக்கூடம் முடிந்துபோனது. அதற்குப் பிறகு கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் தட்டுக் கழுவினேன். ஓர் இரும்புக் கடையில் சுமை தூக்கினேன். வலப்பனையிலிருந்து மரக்கறி ஏற்றும் லொறியில் கிளீனராகப் போனேன். எந்த இடத்திலும் ஒரு வருடம் முழுதாக இருந்ததில்லை. யாரும் துரத்தவில்லை, எனக்குத்தான் கால் நிற்காது. கடைசியாகப் பொல்பிட்டியப் பக்கம் ஒரு கட்டட வேலையில் எலக்ட்ரீஷியன் ஒருவருக்கு உதவியாக நின்றேன். ஏணி பிடிப்பது, வயர்ச் சுருளை அவிழ்ப்பது, கேட்ட ஸ்குரூ டிரைவரை எடுத்துக் கொடுப்பது. அந்த வேலை மட்டும் எனக்குச் சலிக்கவில்லை. சுவரைத் தட்டிப் பார்த்தே உள்ளே வயர் எப்படி ஓடுகிறது என்று சொல்லும் அளவுக்கு வந்துவிட்டேன். ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அந்த மனிதர் சொன்னார்:

"கை நல்லாத்தான்டா வருது ஒனக்கு. ஆனா சர்டிபிகேட் இல்லாட்டி கடைசி வரைக்கும் ஏணிதான் புடிப்ப."

விசாரித்தேன். ஒரு தொழில்நுட்பக் கல்லூரியில் மின்வேலைப் பயிற்சி இலவசமாகவே இருந்தது. இரண்டு நிபந்தனைகள். சாதாரண தரத்தில் கணிதம் சித்தியடைந்திருக்க வேண்டும். விண்ணப்பம் முடிகிற தேதியில் வயது இருபத்தொன்பதைத் தாண்டியிருக்கக் கூடாது. பரீட்சையை மறுபடி எழுதுவது என்ற முடிவோடுதான் அக்கா வீட்டுக்கு வந்தேன்.

அக்கா கொழுந்து பறிக்கிறவள். மாலையில் அவளுடைய கொழுந்துச் சாக்கைச் சுமந்துகொண்டு நிறுக்கிற இடத்துக்குப் போவேன். தோட்டத்தில் ஒரு நாள் வேலையைப் 'பேர்' என்று சொல்வார்கள். நியமித்த கிலோவைப் பறித்துவிட்டால் முழுப்பேர். குறைந்தால் அரைப்பேர், அதாவது பாதிச் சம்பளம். எங்கள் தோட்டத்தில் அந்த எல்லை பதினெட்டுக் கிலோ. அன்று அக்காவின் கொழுந்தை மின்தராசில் தொங்கவிட்டபோது சிவப்பு எழுத்தில் 17.8 என்று காட்டியது.

"பதினேழு. அரப்பேரு" என்றார் நிறையைப் பதிகிற கணக்கப்பிள்ளை.

பின்னால் நின்ற பெண் ஒருத்தி, "எட்டு இருக்குதுங்களே" என்று இழுத்தாள்.

"புள்ளிக்குப் பொறகு இருக்கிறது கொழுந்தா? மழத்தண்ணி. ஒதறிட்டு வந்து நிறுங்க, பதினேழும் இருக்காது."

எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தாள். நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன். சின்ன வயதிலிருந்து கேட்டுப் பழகிய வார்த்தை அது. வெயில் காலத்திலும் அதையேதான் சொல்வார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலைகளில், பரீட்சையை மறுபடி எழுதுகிறவர்களுக்குத் தோட்டப் பாடசாலையில் ஒரு டீச்சர் இலவசமாகக் கணித வகுப்பு எடுத்தார். யாழ்ப்பாணத்திலிருந்து நியமனம் பெற்று வந்தவர். என்னைவிட மூன்று நான்கு வயது இளையவராக இருப்பார். வகுப்பில் இருந்தவர்கள் எல்லோரும் பதினேழு, பதினெட்டு வயதுப் பிள்ளைகள். முதல் நாள் நான் உள்ளே போனபோது யாருடைய அப்பாவோ வந்திருக்கிறார் என்று நினைத்து எழுந்து நின்றார்கள். டீச்சர் என்னை 'அண்ணா' என்று கூப்பிட ஆரம்பித்ததும்தான் எனக்கு உட்கார முடிந்தது.

சார்பு என்ற பாடம் வந்தது. பள்ளிக்கூடத்தில் அந்தப் பாடத்தில்தான் நான் கணிதத்தை விட்டேன். f(3) என்ன என்று கேட்டால் f-ஐயும் மூன்றையும் பெருக்கச் சொல்கிறார்கள் என்று நினைத்து 3f என்று எழுதி வைத்தவன் நான். டீச்சர் அதை வேறு விதமாகச் சொன்னார். f என்பது எண் இல்லை, ஒரு விதியின் பெயர். அடைப்புக்குறிக்குள் இருப்பது அந்த விதிக்குள் நாம் போடுகிற எண். f(3) என்றால், மூன்றை உள்ளே போட்டால் வெளியே என்ன வரும் என்று கேட்கிறார்கள், அவ்வளவுதான். அது எனக்கு உடனே விளங்கியது. சுவிட்சும் பல்பும் மாதிரி என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

பிறகு வரைபு. ஓர் எண்ணை உள்ளே போட்டால் அதன் வர்க்கத்திலிருந்து நான்கைக் கழித்துத் தருகிற சார்பு. அட்டவணை போட்டு, கணித்து, வரைபுத்தாளில் புள்ளிகளைச் சரியாகவே குறித்தேன். குறித்துவிட்டு டீச்சரிடம் நீட்டினேன்.

"புள்ளி எல்லாம் சரி அண்ணா. ஏன் இதுகளைச் சேர்க்காமல் விட்டிட்டியள்?"

"எதுக்குங்க டீச்சர் சேர்க்கணும்?"

"ரெண்டுக்கும் மூண்டுக்கும் நடுவில என்ன இருக்கு?"

"ஒண்ணும் இல்லீங்க."

"அப்ப ரெண்டரை?"

"அது ரெண்டுதாங்க டீச்சர்."

நான் கேலிக்குச் சொல்லவில்லை. எனக்கு அப்படித்தான் தோன்றியது. டீச்சர் வகுப்பைப் பார்த்தார். பின் வரிசையிலிருந்து ஒரு பெண்பிள்ளை, "புள்ளிக்குப் பொறகு மழத்தண்ணிங்க டீச்சர்" என்றது. வகுப்பே சிரித்தது. டீச்சருக்கு மட்டும் விளங்கவில்லை.

பிள்ளைகள் ஆளுக்கொரு வார்த்தையாக நிறுக்கிற கதையைச் சொன்னார்கள். ஒருத்தன் கணக்கப்பிள்ளை மாதிரியே குரலை மாற்றி, "ஒதறிட்டு வந்து நிறுங்க" என்று பேசிக் காட்டினான். டீச்சர் சிரிக்கவில்லை. வெண்கட்டியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு கரும்பலகையில் இருந்ததை அழித்துவிட்டு, 'பே(17)' என்று எழுதினார்.

"இது உங்கட பேர். விதியின்ர பெயர் பே. உள்ள போடுறது கிலோ. பதினேழைப் போட்டா என்ன வரும்?"

"அரப்பேரு" என்றார்கள் எல்லோரும்.

"பதினெட்டு?"

"முழுப்பேரு."

"ஒண்டும் பறிக்காட்டி?"

"பேரே இல்லீங்க டீச்சர்."

"அப்ப இந்தச் சார்பில இருந்து வெளியில வரக்கூடியது எத்தினை?"

நான்தான் சொன்னேன். சைபர், அரை, ஒன்று. அதற்குமேல் இல்லை. மலை முழுக்க எத்தனை பெண்கள், எத்தனை விதமான நிறை. அவ்வளவும் உள்ளே போய் இந்த மூன்றில் ஒன்றாகத்தான் வெளியே வருகிறது. வெளியே வருவதன் தொகுதிக்குத்தான் வீச்சு என்று பெயர் என்றார் டீச்சர். உள்ளே எதைப் போடலாம் என்ற தொகுதிக்கு ஆட்சி என்று பெயர்.

"கூடக் கிலோ பறிச்சா கைகாசு தருவாங்களே டீச்சர்" என்றான் பேசிக் காட்டிய பையன்.

"அது வேற சார்பு தம்பி. இப்ப இதை மட்டும் பாப்பம். இதின்ர ஆட்சி என்ன? மைனஸ் அஞ்சு கிலோ கொழுந்து தராசில போடலாமோ?"

"கணக்கப்பிள்ள போட்டாலும் போடுவாருங்க" என்றது பின் வரிசை. அப்போதுதான் டீச்சர் சிரித்தார்.

பிறகு அவர் என் பக்கம் திரும்பிச் சொன்னதை இப்போதும் அதே குரலில் கேட்க முடிகிறது.

"அண்ணா, தராசில தொங்குறது பதினேழு தசம் எட்டுத்தானே. அது உள்ள போகேக்க முழுசாத்தான் போகுது. வெட்டுறது கணக்கப்பிள்ளையின்ர விதி. வெளியில பதினேழு வருகுதெண்டதுக்காக உள்ளயும் பதினேழுதான் போனது எண்டு நினைக்கக் கூடாது. நீங்கள் வீச்சைப் பாத்திட்டு அதைத்தான் ஆட்சி எண்டு நினைச்சிட்டியள்."

எழுந்து போய், எண்களை வெட்டுகிற அந்த விதியையும் வரைந்து காட்டினார். படிக்கட்டு மாதிரி இருந்தது. ஒவ்வொரு படியின் தொடக்கத்திலும் நிரப்பிய வட்டம், முடிவில் வெறும் வட்டம். நிரப்பிய வட்டம் என்றால் அந்த எண் இந்தப் படியைச் சேர்ந்தது. வெறும் வட்டம் என்றால் அதுவரைதான், அந்த எண் சேராது. "இப்பிடியும் சார்பு இருக்கு. ஆனா எல்லாச் சார்பும் வெட்டாது. உங்கட தாளில இருக்கிறது வெட்டாத சார்பு. ரெண்டரையைப் போட்டுப் பாருங்கோ."

போட்டேன். இரண்டே கால் வந்தது. குறித்தேன். இரண்டு தசம் ஒன்றைப் போடச் சொன்னார். அதுவும் வந்தது. இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில், நான் ஒன்றும் இல்லை என்று சொன்ன இடத்தில், புள்ளி மேல் புள்ளியாக வந்துகொண்டே இருந்தது. பென்சில் முனை மொட்டையாகிப் போனது. கடைசியில் நான் கோட்டை இழுக்கவே இல்லை, புள்ளிகளே கோடாகிவிட்டன.

அன்று மழையில் நனைந்துகொண்டே லயத்துக்கு நடந்தேன். இவ்வளவு காலமும் அக்காவின் சாக்கில் புள்ளிக்குப் பின்னால் இருந்ததெல்லாம் கொழுந்துதான் என்று நினைத்துக்கொண்டே போனேன். எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. தெரிந்ததை நினைத்துப் பார்க்காமல் இருந்திருக்கிறேன்.

டிசம்பரில் பரீட்சை எழுதினேன். வரைபுக் கேள்வி வந்தது. சார்பு பூச்சியத்துக்குக் கீழே இருக்கிற x பெறுமானங்களைக் கேட்டிருந்தார்கள். முழு எண்களை வரிசையாக எழுதி வைக்காமல், இதற்கும் இதற்கும் இடைப்பட்ட எல்லாம் என்று சரியாக எழுதினேன். பெறுபேறு வர அடுத்த வருடம் மே மாதமானது. சாதாரண சித்தி. டீச்சரிடம் போய்ச் சொன்னபோது அவர் தன்னுடைய டிபன் பெட்டியைத் திறந்து அதில் இருந்த தோசையை எனக்குக் கொடுத்தார். கொடுக்க வேறு ஒன்றும் கையில் இல்லை என்றார்.

"இனி எங்கயும் ஓடாமல் அந்தக் கோர்ஸுக்குப் போடுங்கோ அண்ணா."

விண்ணப்பம் அந்த மாதமே கோரியிருந்தார்கள். முடிவு தேதிக்கு இரண்டு கிழமைதான் இருந்தது. அதே நேரம் பார்த்து வலப்பனையிலிருந்து பழைய லொறிக்காரர் கூப்பிட்டார். கெரட் ஏற்றுகிற பருவம், ஆள் இல்லை, வா என்றார். எனக்கும் தோட்டத்தில் ஒரு வருடம் இருந்து கால் மரத்துப்போயிருந்தது. கல்லூரியில் விசாரித்தபோது ஆறு மாதத்தில் அடுத்த பிரிவு என்று சொன்னார்கள். அடுத்த பிரிவுக்குப் போடலாம் என்று முடிவு செய்தேன்.

"மொதல்ல அத குடுத்துட்டு போடா" என்றாள் அக்கா. அடுப்பில் தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தாள்.

"அடுத்ததுக்குப் போடுறேன்க்கா. இருவத்தொம்பதுதானே கேட்டிருக்காங்க. அடுத்த மாசம்தான் இருவத்தொம்பதே ஆகுது. முப்பது வரைக்கும் டைம் இருக்கு."

"அப்படீன்னு யாரு சொன்னா?"

"யாரு சொல்லணும். முப்பது ஆகுற வரைக்கும் இருவத்தொம்பதுதானே."

சாக்குப் பையில் என் துணிகளை அக்காவே மடித்து வைத்தாள். "ஒன் காலுக்கு ஒரு கட்டுக் கயிறு போடணும்" என்றாள்.

கெரட் பருவம் முடிந்து, லீக்ஸும் ஏற்றி, நவம்பரில் கல்லூரிக்குப் போனேன். பிறப்புச் சான்றிதழ், பெறுபேற்றுத் தாள், எலக்ட்ரீஷியன் கொடுத்த கடிதம் எல்லாம் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொண்டுபோயிருந்தேன். கவுண்டரில் ஒரு சிங்கள அக்கா இருந்தார். என் சான்றிதழைப் பார்த்தார், சுவரில் இருந்த கலண்டரைப் பார்த்தார், விரல் விட்டு மாதங்களை எண்ணினார்.

"மல்லி, வயசு கூட" என்றார். சிங்களத்தில் மல்லி என்றால் தம்பி.

"இருவத்தொம்பதுதாங்க மிஸ்."

"இருவத்தொம்பதும் அஞ்சு மாசமும். இருவத்தொம்பது தாண்ட ஏலாது."

"மாசத்தையும் பாப்பீங்களா மிஸ்?"

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். கோபமாக இல்லை. இப்படி ஒரு கேள்வியை யாரும் அவரிடம் கேட்டிருக்க மாட்டார்கள் போலிருக்கிறது. "மாசம் பாக்காம எப்பிடி?" என்றார். பிறகு என் தாள்களை எடுத்துக்கொண்டு உள்ளே பெரியவரிடம் போய்க் கேட்டார். கண்ணாடிக் கதவு வழியாக அவர் எனக்காகக் கொஞ்ச நேரம் பேசுவது தெரிந்தது. திரும்பி வந்து தாள்களை உறைக்குள் ஒழுங்காகப் போட்டு நீட்டினார்.

"போன முறை வந்திருந்தா சரி மல்லி. ஏன் வரல்ல?"

கெரட் ஏற்றப் போனேன் என்று சொல்லாமல் உறையை வாங்கிக்கொண்டேன். பின்னால் வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் என்னைவிடச் சின்னப் பிள்ளைகள். வெளியே வந்து கேட்டுக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்த அறிவித்தலை மறுபடி வாசித்தேன். 'இருபத்தொன்பது வயதைத் தாண்டாதவராக.' அந்த வரியில் எந்த மறைவும் இல்லை. உள்ளே போடக்கூடியது எது என்று தெளிவாக எழுதியிருந்தார்கள். இருபத்தொன்பதில் ஒரு நிரப்பிய வட்டம். அதற்கு அப்பால் கோடே கிடையாது. அந்தப் பாடத்தை நான் படித்திருக்கிறேன், அதில் சித்தியும் வாங்கியிருக்கிறேன். ஆனால் பரீட்சைத் தாளோடு அதையும் கட்டி மேற்பார்வையாளர் கையில் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். தராசு எங்கள் கணக்கை வெட்டுகிற மாதிரி இவர்களும் என் மாதங்களை வெட்டிவிடுவார்கள் என்று நம்பியிருக்கிறேன்.

மாலையில் அக்காவிடம் சொன்னேன். கால்களில் ஒட்டியிருந்த அட்டைகளை உப்புப் போட்டு எடுத்துக்கொண்டிருந்தாள்.

"கொழுந்துன்னா பறிச்ச எடத்துல திரும்ப வரும். வயசு வருமா" என்றாள்.

டீச்சர் ஜனவரியில் மாற்றலாகி ஊருக்குப் போனார். போவதற்கு முன்பு அவரைப் பார்க்க எனக்கு முகம் இல்லை. லொறியில் இருக்கிறேன் என்று பிள்ளைகளிடம் சொல்லி அனுப்பினேன். சில மாதங்கள் கழித்து அவரே போன் எடுத்தார். கோர்ஸ் எப்படிப் போகிறது என்று கேட்டார். நடந்ததைச் சொன்னேன்.

"மாசத்த வெட்டிருவாங்கன்னு நெனச்சேன் டீச்சர்" என்றேன்.

லைன் போய்விட்டது என்று நினைத்து ஹலோ என்றேன்.

"இருக்கிறன் அண்ணா" என்றார். பிறகு, "என்னட்ட ஒருக்காக் கேட்டிருக்கலாமே" என்றார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் குரல் தன்னுடைய பிழைக்கு வருந்துகிறவர் குரல் மாதிரி இருந்தது.

இப்போது ஹட்டன் பக்கம் புது வீடுகளுக்கு வயரிங் செய்கிற ஒருவரோடு வேலை செய்கிறேன். அவருக்கு என்னைவிட வயது குறைவு, சர்டிபிகேட் இருக்கிறது. வயர் இழுப்பது நான், கையெழுத்துப் போடுவது அவர். அவர் மேலே ஏறும்போது ஏணி பிடிக்கிறேன். பிழைப்புக்குக் குறை இல்லை.

வேலை இல்லாத நாட்களில் தோட்டத்துக்குப் போனால் அக்காவோடு நிறுக்கிற இடத்துக்கும் போகிறேன். போன தடவை தராசு 16.6 காட்டியது. கணக்கப்பிள்ளை பதினாறு என்றார். நான் அக்காவின் காதுக்கு மட்டும், "பதினாறு தசம் ஆறு" என்றேன்.

"அத வச்சு என்னடா பண்றது?"

"தெரிஞ்சு வச்சுக்க."

சாக்கை உதறி மடித்துக்கொண்டே அவள் அதை ஒரு தடவை வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். அவளிடமிருந்து வெட்டுகிற இடத்தில் அது ஒன்றுக்கும் உதவாது என்று எனக்குத் தெரியும். ஆனால் வெட்டாத இடம் ஒன்று என் வாழ்க்கையில் ஒரே ஒரு முறை வந்தபோது அதை அடையாளம் தெரியாமல் கெரட் மூட்டையோடு போனவன் நான். அதனால்தான் இன்றைக்கு யார் என் வயதைக் கேட்டாலும் முப்பத்தொன்றும் இரண்டு மாதமும் என்று சொல்கிறேன். கேட்டவர்கள் சிரிக்கிறார்கள், நான் மாதத்தை விடுவதில்லை.